இடது கதவுக்காரர்

எங்கள் ஊரில் ஒருவரைப் பற்றி விசாரிப்பவர்கள் பெயரையும் வேலையையும் பிறகுதான் கேட்பார்கள். முதலில் அவர் வாசலில் என்ன கார் நிற்கிறது என்று பார்ப்பார்கள். மிச்சிகன் மாநிலத்து ஹார்லோ நகரில் எழுபது வருஷமாக இதுதான் வழக்கம். உள்ளூர் ஆலையில் செய்த டன்மோர் நின்றால் நம்ம ஆள். டெட்ராய்ட் கம்பெனிகளின் கார் நின்றால் ஏதோ வழி தவறி வந்த ஆள். ஜப்பான் கார் நின்றால், அந்த வீட்டுக்கு ஈஸ்டர் ரொட்டி கூடக் கொடுத்தனுப்ப மாட்டார்கள்.

இந்த வழக்கத்தைக் கட்டிக் காத்தவர்களில் முதல் ஆள் காசிமிர் ஸாவிட்ஸ்கி. ஓய்வு பெற்ற கையோடு, புனித ஹெட்விக் தேவாலயத்தில் ஞாயிறு பூசைக்கு வரும் கார்களுக்கு இடம் காட்டும் வேலையை யாரும் கேட்காமலே எடுத்துக்கொண்டார். ஆரஞ்சு நிறச் சட்டை, கையில் ஒரு சின்னக் கொடி. டன்மோர்களெல்லாம் வாசலுக்கு நேராக. மற்றதெல்லாம் பின்வேலி ஓரம், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில். புதிதாக மாற்றலாகி வந்த பாதிரியார் முதல் நாள் ஒரு டெட்ராய்ட் காரில் வந்து இறங்கியபோது அவருக்கும் குப்பைத் தொட்டியைத்தான் காட்டினார்.

"நான்தாம்பா புதுப் பாதிரியார்."

"தெரியும் சாமி. அதான் ரெண்டாவது தொட்டிகிட்ட குடுத்திருக்கேன். மொதத் தொட்டிகிட்ட நாத்தம் ஜாஸ்தி."

ஒரே மாதத்தில் பாதிரியார் காரை மாற்றிவிட்டார்.

காசிமிரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. டன்மோர் சாதாரணக் கம்பெனியா? குதிரை வண்டி செய்துகொண்டிருந்த அண்ணன் தம்பி இருவர் ஆரம்பித்தது. முதல் உலகப் போருக்கு லாரி அனுப்பியது, இரண்டாம் போருக்கு டாங்கி அனுப்பியது. ஐம்பதுகளில் அதன் புகழ் கொடிகட்டிப் பறந்தது. நாட்டின் எந்த மூலையில் போய் 'நான் ஹார்லோ' என்றாலும், 'ஓ, டன்மோர் ஊரா' என்று நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். காசிமிரின் அப்பா முப்பத்தேழாம் வருஷத்துக் கடுங்குளிரில், தொழிற்சங்கம் கேட்டு, ஐந்து வாரம் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து மறியல் செய்தவர். அம்மா கீழே நின்று ஜன்னல் வழியாகப் பன்றி இறைச்சிச் சாசேஜை வீசுவாள். முதலாளியைத் திட்டித் திட்டித் தொண்டை கட்டிப்போன அந்த மனுஷர், மறியல் முடிந்த வசந்தத்தில் வாங்கியது ஒரு டன்மோர்தான். சண்டை வேறு, வண்டி வேறு. இது வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது.

காசிமிர் இருபது வயதில் ஆலைக்குள் போனார். லைனில் நகர்ந்து வரும் ஒவ்வொரு காருக்கும் இடது பக்க முன்கதவை மாட்டுவது அவர் வேலை. முப்பத்தோரு வருஷம் அதையேதான் செய்தார். கீலைப் பொருத்தி, கதவைத் தூக்கி, ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டு, மூடிப் பார்த்தல், அடுத்த கார்.

ஐம்பத்தைந்தில் வலது பக்கத்துக்கு ஒரு புது ஆள் வந்தார். ராய்ஸ் டாலிவர். அர்க்கன்சாவிலிருந்து வந்த கறுப்பர். அதுவரை கறுப்பர்களை உலைப் பக்கம் மட்டும்தான் வைத்திருந்தார்கள். கதவு வரிசைக்கு வந்த முதல் ஆள் அவர்தான். லைனில் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். காசிமிரும் அதில் ஒருவர், அதை மறைப்பானேன். நான்கு மாதம், எதிரும் புதிருமாக மூன்றடி தூரத்தில், ஒரே காரின் இரண்டு பக்கம் நின்றுகொண்டு, ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருப்பதில் காசிமிரை மிஞ்ச ஆள் கிடையாது. அவர் கோபப்பட்டால் கத்தமாட்டார், கைநீட்டமாட்டார். வாயை மூடிக்கொள்வார். அவ்வளவுதான், அந்த ஆள் செத்தான் என்று அர்த்தம்.

முதலில் பேசியது ராய்ஸ்தான். ஒரு நாள் காருக்குள் தலையை நீட்டி, "யோவ் இடது, ஒன் கதவு என் கதவைவிட ஒரு நூல் இறங்கியிருக்கு. காரைப் பாத்தா கண்ணடிக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

காசிமிருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. குனிந்து பார்த்தார். இறங்கித்தான் இருந்தது.

"ஒன் கதவுதான் ஏறியிருக்கு, வலது" என்றார்.

அன்றிலிருந்து இருவருக்கும் அதுவே பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை அதன் பிறகு அவர்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டதில்லை. மதியச் சாப்பாட்டில் காசிமிரின் மனைவி யாட்விகா கொடுத்தனுப்பிய முட்டைக்கோஸ் உருண்டைகள் வலது பக்கம் போகும், ராய்ஸின் மனைவி ஓபல் செய்த சோள ரொட்டி இடது பக்கம் வரும். காசிமிரின் கல்யாண நாளுக்கு ஓபல் கேக் செய்வார். ராய்ஸின் பெண்ணுக்கு ஞானஸ்நானம் என்றால் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் முதல் வரிசையில் ஒரு போலந்துக்காரக் குடும்பம் திருதிருவென்று விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

அறுபத்திரண்டில் அவர்களுடைய ஃபோர்மேன் இறந்துபோனார். அவரைக் கொண்டுபோன சவ வண்டி பளபளவென்று ஒரு கறுப்பு டன்மோர். ஆலை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ராய்ஸ் சொன்னார்: "நம்ம கையால கதவு மாட்டுன வண்டியில போறதுன்னா அது ஒரு மரியாதைதான். இடது, நம்மள்ல யாரு மொதல்ல போனாலும் மத்தவன் அவனை டன்மோர்லதான் அனுப்பணும். சரியா?"

"சரி" என்றார் காசிமிர். அப்போது அது பெரிய வாக்காகவே தெரியவில்லை. ஊரில் டன்மோர் இல்லாத சவ வண்டியே கிடையாது.

எழுபதுகளில் சாயம் வெளுத்தது. லைனை முடுக்கினார்கள். மணிக்கு நாற்பது கார் ஓடிய இடத்தில் அறுபத்திரண்டு. கதவை மூடிப் பார்க்க நேரமில்லை. ஒட்டாத கதவு அப்படியே நகர்ந்து போகும், கத்தினாலும் லைன் நிற்காது. இரண்டே குளிர்காலத்தில் சக்கர வளைவுகள் துருப்பிடித்து உதிர்ந்தன. நாட்டின் எந்த மூலையில் 'ஹார்லோ' என்றாலும் இப்போது நாற்காலி வரவில்லை, சிரிப்பு வந்தது.

ஒரு மழை நாளில், கடை வாசலில், ஒரு பெண் தன் டன்மோரின் இடது கதவு இடுக்கில் பழைய துண்டைத் திணித்துக்கொண்டிருப்பதைக் காசிமிர் பார்த்தார். உள்ளே சீட்டெல்லாம் ஈரம். அவர் தன் வண்டியிலிருந்து கருவியை எடுத்துவந்து, கொட்டும் மழையில் அரை மணி நேரம் மல்லுக்கட்டி, அந்தக் கதவைச் சரிசெய்து கொடுத்தார். "நீங்க மெக்கானிக்கா?" என்று அவள் கேட்டதற்கு இல்லை என்றார். அந்தக் கதவை மாட்டியதே நான்தான் என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. வீட்டுக்கு வந்து, நனைந்த சட்டையோடு, வெகுநேரம் சமையலறையில் உட்கார்ந்திருந்தார்.

வேறொருவனாக இருந்தால் அதோடு டன்மோரை விட்டிருப்பான். காசிமிர் அன்றைக்குத்தான் இன்னும் இறுக்கிப் பிடித்தார். "பண்ணுனவனே ஏறமாட்டேன்னா வேற எவன் ஏறுவான்?" என்பார். எழுபத்தேழாம் வருஷத்து டன்மோர் ஸ்டேஷன் வேகன் ஒன்றை வாங்கினார். பின்கதவை மூடிய பிறகும் எட்டடிப் பலகை படுக்கையாகக் கிடக்கும் நீளம். அதன் குறை என்னவென்றால், மெதுவாக ஓட்டினால் சூடேறி நின்றுவிடும். இருபத்தொன்பது வருஷம் அதையே ஓட்டினார்.

தம்பி ப்ரூனோ டெட்ராய்ட் கார் ஒன்றை வாங்கியபோது காசிமிர் பேச்சை நிறுத்தினார். தெருவில் எதிரே வந்தால் வானத்தைப் பார்ப்பார். பதினோரு வருஷம் கழித்து ப்ரூனோ மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். காசிமிர் அதற்காக மனம் நொந்தார், ரொம்பவே நொந்தார். ஆனால் அதை ராய்ஸைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

யாட்விகா போனார். ஆலை மூடியது. கட்டடத்தை இடித்து, அந்த இடத்தில் புல் முளைத்தது. இவர்கள் இருவர் மட்டும் வியாழக்கிழமைதோறும் ராய்ஸ் வீட்டில் சீட்டாடிக்கொண்டு, இடது வலது என்று கூப்பிட்டுக்கொண்டு, எந்தக் கதவு ஏறியிருந்தது என்று ஐம்பது வருஷச் சண்டையை விடாமல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிறகு ராய்ஸுக்குச் சிறுநீரகம் கெட்டது. வாரம் மூன்று நாள் இருபத்தைந்து மைல் தள்ளியிருந்த ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். காசிமிர் வேகனில் கூட்டிப்போவதாகச் சொன்னார், ஒரு தடவை அல்ல, இருபது தடவை.

"வேணாம் இடது. ஆஸ்பத்திரி வேன் வருது. நீ எதுக்கு அலையறே" என்பார் ராய்ஸ். அப்படியே ஆறு வருஷம் ஓடியது. ஓர் அக்டோபர் மாதக் காலையில் ராய்ஸ் கண்ணை மூடினார்.

செய்தி கேட்டதும் காசிமிர் ஓபல் வீட்டுக்குப் போனார். சமையலறை மேஜையில் அதற்குள் யார் யாரோ கொண்டுவந்து வைத்த பொரித்த கோழியும் கேக்குகளும் நிறைந்திருந்தன. சவ அடக்க நிலையம் நடத்தும் க்ரூம்ஸ், கறுப்புக் கோட்டில், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். காசிமிர் வணக்கம் கூடச் சொல்லவில்லை.

"ஒங்ககிட்ட டன்மோர் சவ வண்டி இருக்கா?"

"அதை வித்து எட்டு வருஷமாச்சு ஐயா. இப்ப டெட்ராய்ட் வண்டிதான். புதுசு, ஏசி எல்லாம் இருக்கு."

"அவனுக்கு எதுக்குய்யா ஏசி?" என்றார் காசிமிர். "ஓபல், நான் அவனுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். என் வேகன்ல கொண்டு போறேன். பெட்டி படுக்கும். அளந்துட்டேன்."

க்ரூம்ஸ் ஓபலைப் பார்த்தார். இப்படி ஒரு வேண்டுகோளை முப்பது வருஷத் தொழிலில் அவர் கேட்டதில்லை. ஓபல் ஒரு கேக்கை மூடி வைத்துவிட்டு, "கொண்டு போங்கண்ணே. அவரும் அதைத்தான் சொன்னாரு" என்றார்.

"என் சவ வண்டியும் பின்னால வரட்டும். காலியா. ஒரு பாதுகாப்புக்கு" என்றார் க்ரூம்ஸ்.

"வரட்டும். தூரமா வரட்டும்."

மூன்று நாள் காசிமிர் அந்த வேகனோடு போராடினார். குழாய்களை மாற்றினார், விசிறிப் பட்டையை மாற்றினார், தண்ணீர்த் தொட்டியைக் கழுவினார். மெழுகு போட்டுத் தேய்த்தார். எழுபத்தைந்து வயதில் காருக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, 'இந்த ஒரு தடவை, ஒரே ஒரு தடவை' என்று கன்னி மரியாளிடம் கெஞ்சினார். டன்மோரைப் பற்றி ஊர் சொன்னதெல்லாம் அவருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாததும் தெரியும். ராய்ஸை நடுவழியில் நிறுத்திவிட்டால், தன் ஆயுசு முழுக்க வீண் என்று அவருக்குப் பட்டது.

சனிக்கிழமை மதியம், இரண்டரை மணி நேரப் பாட்டும் பிரசங்கமும் முடிந்து, பெட்டியை வெளியே கொண்டுவந்தார்கள். ராய்ஸின் பேரன்கள் அதை வேகனுக்குள் நகர்த்தினார்கள். தச்சர் அளந்து செய்தது போல உள்ளே உட்கார்ந்தது. பின்கதவைக் காசிமிரே மூடினார். கூட்டத்தில் நின்ற பழைய ஆலைக்காரர்கள் சிலர் தொப்பியைக் கழற்றினார்கள்.

ஊர்வலம் கிளம்பியது. சவ ஊர்வலம் வேகமாகவா போகும்? மணிக்குப் பத்து மைல். அந்த வேகனால் அறுபதில் ஓட முடியும், நாற்பதில் ஓட முடியும், பத்தில்தான் முடியாது. மூன்று நாள் எல்லாவற்றையும் யோசித்த மனுஷர் இதை யோசிக்கவில்லை. ஆலை இருந்த புல்வெளியைத் தாண்டும்போது சூடு காட்டும் முள் ஏறத் தொடங்கியது. கல்லறைத் தோட்டத்தின் வாசலுக்குள் நுழைந்து, மேட்டில் ஏறத் தொடங்கிய இடத்தில், வேகன் இரண்டு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. முன்னாலிருந்து ஆவி பறந்தது. குழி இன்னும் கால் மைல் மேலே இருந்தது.

காசிமிர் சாவியைத் திருப்பினார். திரும்பத் திரும்பத் திருப்பினார். பிறகு இறங்கி, முகப்பு மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். பின்னால் வரிசையாகக் கார்கள் நின்றன. க்ரூம்ஸ் மெல்ல நடந்து வந்தார்.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. என் வண்டிக்கு மாத்திடலாம். ரெண்டே நிமிஷம்."

"அரை மணி குடுங்க. ஆறினதும் கிளம்பிடும்."

"பாதிரியார் மேல காத்திருக்காரு. மழை வேற வரும்போல இருக்கு."

காசிமிருக்குக் கண் கலங்கியது. மாற்றத்தான் வேண்டும் போலிருந்தது. சரி என்று சொல்ல வாயெடுத்தபோது, வரிசையிலிருந்து ஒரு சின்ன வெள்ளைக் கார் வெளியே வந்து, சவ வண்டியைச் சுற்றிக்கொண்டு, வேகனின் பின்னால் வந்து நின்றது. ஜப்பான் கார். ஓட்டி வந்தது ஓபல். கறுப்புத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு இறங்கினார்.

"யாருது இது?" என்றார் காசிமிர்.

"ராய்ஸோடது."

"எந்த ராய்ஸ்?"

"எத்தனை ராய்ஸ் இருக்காங்க? ஒங்க வலதுதான். ஆறு வருஷமா வெச்சிருக்காரு. மக வீட்டுக் கொட்டகையில நிக்கும். ஆஸ்பத்திரி வேனும் இல்ல, ஒண்ணும் இல்ல. இதுலதான் போய்ட்டு வந்தோம்."

கார்களின் வரிசை முழுக்க காசிமிரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் வாய் மூடிக்கொள்வதையும் பார்த்தது. ஹார்லோவில் எல்லோருக்கும் அதன் அர்த்தம் தெரியும். சிலர் குனிந்து தரையைப் பார்த்தார்கள்.

"போன மாசம் என்கிட்ட சொன்னாரு" என்றார் ஓபல். "'இடது என்னை வேகன்லதான் கொண்டு போவான். அது நின்னுடும், மேட்டுல கண்டிப்பா நின்னுடும். அப்ப அவன் கண்ணு முன்னால என்னை வேற வண்டிக்கு மாத்திடாதே. அவன் செத்துடுவான். நம்ம வண்டியை எடுத்துட்டுப் போய்ப் பின்னாலருந்து தள்ளு. நான் டன்மோர்லயே போயிடறேன்'னாரு."

காசிமிர் வேகனின் பின்கண்ணாடி வழியாகப் பெட்டியைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு குனிந்து, இரண்டு வண்டிகளின் பம்பரையும் பார்த்தார். உள்ளேயிருந்து ஒரு கம்பளியை எடுத்து, நான்காக மடித்து, நடுவில் வைத்தார்.

"ஒன்னோடது தாழ்வா இருக்கு. மெதுவா தள்ளு. ஒடிச்சுத் திருப்பாத" என்றார் ஓபலிடம்.

ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். கியரை விடுவித்தார். பின்னாலிருந்து மெல்ல ஓர் அழுத்தம் வந்தது. பேரன்கள் இருவர் பக்கத்துக்கு ஒருவராகத் தோள் கொடுத்தார்கள். சத்தமில்லாமல், புகையில்லாமல், வேகன் மேடேறியது. இருபத்தொன்பது வருஷத்தில் அது இவ்வளவு அமைதியாக ஓடியதில்லை. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வழி முழுக்க அழுதார்.

அடக்கம் முடிந்தது. மண் போட்டவர்கள் ஒவ்வொருவராகத் தேவாலயத்துச் சாப்பாட்டுக்குக் கிளம்பினார்கள். காசிமிர் மட்டும் வேகனில் சாய்ந்து நின்றார். ஓபல் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

"ஆறு வருஷம்" என்றார் காசிமிர். "வாரா வாரம் என் எதிர்ல உக்காந்து சீட்டாடியிருக்கான். ஒரு வார்த்தை சொல்லல. திருட்டுப் பய."

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்கண்ணே?"

"என்ன பண்ணியிருப்பேன்? ரெண்டு நாள் பேசாம இருந்திருப்பேன்."

ஓபல் அவரைப் பார்த்தார்.

"சரி, ரெண்டு மாசம்."

ஓபல் அப்போதும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வருஷம்னே வெச்சுக்கோயேன். அதுக்கு மேல அவன்கிட்ட என்னால முடியாது. அப்புறம் பேசியிருப்பேன்ல?"

"இந்தக் காரை வாங்குன அன்னைக்கு டாக்டர் அவருக்குக் குடுத்ததே ரெண்டு வருஷம்தாண்ணே" என்றார் ஓபல். "அதை ஒங்ககூடப் பேசாமக் கழிக்க அவருக்கு மனசு வரல."

மழை தூறத் தொடங்கியது. ஓபல் வெள்ளைக் காருக்குப் போய் உட்கார்ந்து, பக்கத்துக் கதவை உள்ளேயிருந்து திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். காசிமிர் நடந்து போய் அதில் ஏறிக்கொண்டார்.